ராமென் ஜிரோவுக்கு முதல் முறை போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் இங்கே புதிதாக வேலைக்கு வந்தவர்களும் என்னிடம் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஜிரோ என்கிற இந்த ராமென் கடையைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள் (ராமென் என்றால் ஜப்பானிய நூடுல்ஸ் சூப்). கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி முளைப்பயறு குவிந்து நிற்கும் படத்தை எங்காவது பார்த்திருப்பார்கள். கூடவே, "அங்கே ஆயிரம் சட்டம், தப்புச் செய்தால் எல்லோர் முன்னாலும் அவமானம்" என்றும் யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். குவியல் நிஜம். அவமானக் கதைகளில் முக்கால்வாசி ஊதிப் பெரிதாக்கியவை. ஒரே ஆள் ஒரே அண்டாவில் நூடுல்ஸ் வேக வைக்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அங்கே நடப்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

ஜிரோ என்பது ஒரே கடையா, கிளைகள் உண்டா?

தாய்க்கடை டோக்கியோவின் மித்தா பகுதியில், கேயோ பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய முக்கில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பிய கடைகள் நாற்பதை ஒட்டி இருக்கும். பெரும்பாலானவை டோக்கியோவிலும் அதைச் சுற்றியும்தான். சப்போரோ, செண்டாய், நீகாத்தா, கியோத்தோ என்று வெளியூர்களிலும் சில உண்டு. கியோத்தோவில் 2017இல்தான் திறந்தார்கள்.

கிளை என்றதும் எல்லா ஊரிலும் ஒரே ருசியில் கொடுக்கிற ஹோட்டலை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜிரோவுக்குப் பொதுச் சமையற்கூடம் கிடையாது. ஜிரோவில் வேலை பார்த்துத் தொழில் கற்றவர் தனிக்கடை போடுவார். எலும்பை அவரே கொதிக்க வைப்பார், நூடுல்ஸையும் பெரும்பாலும் கடையிலேயே மெஷினில் போட்டு எடுப்பார். அதனால் ஒரு கடையில் சூப் தெளிவாக, சோயா சாஸ் தூக்கலாக இருக்கும். இன்னொன்றில் கொழுப்பும் சூப்பும் ஒன்றாகக் கலந்து பால்நிறத்தில் கெட்டியாக இருக்கும். மித்தாவில் ஒரே வாரத்தில் இரண்டு முறை போனால்கூட ருசி மாறியிருக்கலாம். ரசிகர்கள் அதைக் குறையாகச் சொல்வதில்லை, "இன்றைக்கு நல்ல நாளா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

யார் ஆரம்பித்தது? எதற்கு இவ்வளவு அள்ளிப் போடுகிறார்கள்?

தகுமி யமடா என்பவர் 1968இல் டோக்கியோவின் மெகுரோ பக்கம் ஆரம்பித்தார். அவர் ராமென் சமையலில் வளர்ந்தவர் அல்ல, ஜப்பானியச் சமையல் பழகியவர். தொடக்கத்தில் வியாபாரம் சுமார்தான். 1970களில் மித்தாவுக்கு இடம்பெயர்ந்த பிறகு கடையின் தலையெழுத்தே மாறிவிட்டது. எதிரே பல்கலைக்கழகம். பயிற்சி முடித்துப் பசியோடு வரும் விளையாட்டு வீரர்கள், மாதக் கடைசியில் பையில் சில்லறை மட்டும் வைத்திருக்கும் மாணவர்கள் என்று கூட்டம் சேர்ந்தது. அவர்களுக்குக் குறைந்த விலையில் வயிறு நிறைய வேண்டும். அவர் போட்டார். அவர்கள் இன்னும் கேட்டார்கள், அவர் இன்னும் போட்டார். அளவு வளர்ந்த கதை அவ்வளவுதான்.

அந்த மாணவர்கள் படிப்பை முடித்து வேலைக்குப் போய், தலை நரைத்த பிறகும் வரிசையில் வந்து நின்றார்கள். 1996இல் சாலையை அகலப்படுத்தியபோது கடை பழைய இடத்தை விட்டு இப்போதைய முக்குக்கு வந்தது. யமடா எழுபதுகளின் பிற்பகுதியிலும் அண்டா முன்னால் நின்றவர். ரசிகர்கள் அவரைப் படைத்தலைவர் ரேஞ்சுக்குப் பட்டம் வைத்துத்தான் குறிப்பிடுவார்கள். 2009இல் லண்டனின் கார்டியன் குழுமப் பத்திரிகை, உலகில் சாப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஐம்பது பண்டங்களின் பட்டியலில் ஜிரோவைச் சேர்த்தது. மித்தாவில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் அதனால் எதுவும் மாறியதாகத் தெரியாது.

கிண்ணத்துக்குள் என்னதான் இருக்கிறது?

மேலிருந்து வருவோம். முதலில் வெந்த முளைப்பயறும் முட்டைக்கோஸும். சில கடைகளில் கோஸ் அதிகம், மற்றபடி முளைப்பயறுதான் ராஜா. அதன் தலையில் பன்றியின் முதுகுக் கொழுப்பு. பக்கவாட்டில் சாய்த்து வைத்த பன்றிக்கறித் துண்டுகள். மற்ற ராமென் கடைகளில் காகிதம் போல மெல்லிசாகச் சீவிய இரண்டு துண்டு வரும். இங்கே கட்டைவிரல் தடிமனுக்கு வெட்டியிருப்பார்கள். பெயரும் வெறும் "புட்டா", அதாவது பன்றி.

இந்தக் கறிதான் கடையின் சூட்சுமம். எலும்போடு சேர்த்து அதே அண்டாவில் கறியை வேக விடுகிறார்கள். சூப்புக்குக் கறியின் சாறு இறங்கும். வெந்த கறியை எடுத்துச் சோயா சாஸில் ஊற வைக்கிறார்கள். கறிக்கு உப்பு ஏறும், சாஸுக்குக் கறியின் ருசி ஏறும். அந்தச் சாஸைத்தான் கிண்ணத்தின் அடியில் ஊற்றி, மேலே சூப்பை விடுகிறார்கள். எதுவுமே வீணாவதில்லை. சாஸ் கனேஷி என்கிற, ஜிரோ கடைகளுக்கென்றே வருகிற சரக்கு.

கிண்ணத்தில் வெள்ளைத் தூள் ஒன்று கரண்டியால் விழுவதையும் பார்ப்பீர்கள். அஜினோமோட்டோ வகையறாதான். ஒளித்து மறைத்தெல்லாம் போடுவதில்லை. கிக்குனாயே இகேடா என்ற வேதியியலாளர் 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த அந்த ருசி பிறந்ததே டோக்கியோவில்தானே.

அடியில் நூடுல்ஸ். தடிமனாக, லேசாகத் தட்டையாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். ஓஷோன் என்கிற, ரொட்டிக்குப் பயன்படும் முரட்டு மாவில் செய்வது. நன்றாக வெளுத்த மாவு இல்லை என்பதால் கடிக்கும்போது கோதுமை வாசனை எழும்.

"சிறியது" என்று டிக்கெட் மெஷினில் இருக்கிறதே, எனக்கு அது போதுமா?

போதுமாவா? சாதாரண ராமென் கடையில் வேகாத நூடுல்ஸ் 130 முதல் 150 கிராம் வரை போடுவார்கள். ஜிரோவில் "சிறியது" என்றாலே பல கடைகளில் 300 கிராமை ஒட்டி வரும். வெந்த பிறகு தண்ணீர் குடித்து இன்னும் கனக்கும். அதன் மேல் கறி, கொழுப்பு, காய் எல்லாம் வேறு. "பெரியது" என்பதை முதல் முறை போகிறவர் தொடவே கூடாது. கல்லூரிக் காலத்தில் ஒரே மூச்சில் பதினைந்து இட்லி உள்ளே தள்ளியவராக இருந்தாலும் சரி.

என் சிபாரிசு: சிறியதை எடுங்கள், அதிலும் நூடுல்ஸைக் குறைக்கச் சொல்லுங்கள். டிக்கெட்டைக் கொடுக்கும்போது "மென் சுகுநாமே" என்றால் குறைவாக, "மென் ஹன்புன்" என்றால் பாதி. விலை குறையாது, ஆனால் யாரும் புருவத்தை உயர்த்தவும் மாட்டார்கள். பல வருஷமாக வருகிறவர்களே பாதி கேட்பதைப் பார்த்திருக்கிறேன். இதைச் சொல்ல வேண்டிய நேரம் முக்கியம்: டிக்கெட் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். நூடுல்ஸ் அண்டாவுக்குள் விழுந்த பிறகு சொல்லிப் பிரயோசனம் இல்லை.

வரிசையில் முதலில் நிற்பதா, டிக்கெட் முதலில் எடுப்பதா?

கடைக்குக் கடை மாறும். முன்னால் நிற்பவர் கையில் டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவு போதும். சில கடைகளில் காகிதத்துக்குப் பதில் கலர் கலராகப் பிளாஸ்டிக் வில்லை விழும். அளவுக்கு ஒரு நிறம், கூடுதல் கறிக்கு இன்னொரு நிறம். கவுண்டரில் வைத்த வில்லைகளின் நிறத்தைப் பார்த்தே எந்தக் கிண்ணத்துக்கு எவ்வளவு நூடுல்ஸ் என்று சமைப்பவர் கணக்குப் போடுவார்.

கையில் ஆயிரம் யென் நோட்டுகள் இருக்கட்டும். பழைய மெஷின்கள் ஐயாயிரம், பத்தாயிரம் நோட்டுகளை வாங்காது. 2024 ஜூலையில் வந்த புது நோட்டைக்கூடத் துப்பிவிட்ட மெஷின்கள் இருந்தன. கார்டு, செல்போன் கட்டணம் எல்லாவற்றையும் மறந்துவிடலாம்.

ஒன்று மட்டும் கறார்: ஒருவர் வரிசையில் நின்று மூன்று பேருக்கு இடம் பிடிக்கக் கூடாது. நண்பர்கள் வந்து சேர்ந்த பிறகு எல்லோருமாகக் கடைசியில் போய் நில்லுங்கள்.

எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும்?

சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்ட நேரம் தாண்டினால் கொஞ்சம் இளகும். சூப் தீர்ந்தால் கடையைச் சாத்திவிடுவார்கள். அன்றைய திறப்பு நேரத்தைக் கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட ஆரம்பிக்கிறார்களே, ஏன்?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். அந்தத் தடித்த நூடுல்ஸ் வேகப் பல நிமிடம் பிடிக்கும். ஆளுக்கு ஒரு தடவை வேக வைத்துக்கொண்டிருந்தால் வரிசை நகரவே நகராது. அதனால் ஐந்தாறு பேருக்குச் சேர்த்து ஒரே ஈடாக அண்டாவில் போடுகிறார்கள். இதை "லாட்" என்கிறார்கள். நம் கல்யாணப் பந்திதான் இது. ஒரு பந்தி உட்கார்ந்து சாப்பிடுகிறபோதே அடுத்த பந்திக்கு உள்ளே வெந்துகொண்டிருக்கும். ஒருவர் மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தால், அவர் இடத்துக்கு வர வேண்டியவருடைய நூடுல்ஸ் அண்டாவில் குழைந்துகொண்டிருக்கும்.

நீங்கள் வெளியே நிற்கும்போதே ஒருவர் வந்து டிக்கெட்டைக் காட்டச் சொல்வதும் இதற்குத்தான். நீங்கள் உள்ளே வந்து உட்காருவதற்கு முன்பே உங்கள் பங்கு கொதிநீரில் கிடக்கும்.

அப்படியானால் மெதுவாகச் சாப்பிட்டால் திட்டுவார்களா?

திட்ட மாட்டார்கள். "பந்தியைக் குலைத்தவன் குற்றவாளி" என்று ஜப்பானிய இணையத்தில் ஒரு பெரிய கேலியே உண்டு. அது கேலி. தீவிர ரசிகர்கள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ளக் கட்டியது. அதை யாரோ வேத வாக்காக எடுத்துக்கொண்டு வெளிநாட்டுக்காரர்களைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒரு முதியவர் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டாலும் கடைக்காரர் வாய் திறப்பதில்லை.

அதற்காகக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு செல்போனைத் தடவிக்கொண்டிருக்காதீர்கள். கூட வந்தவரோடு அரட்டையும் வேண்டாம். சாப்பிட வந்த வேலையைப் பார்த்தால் இருபது நிமிடத்தில் சாதாரணமாக முடிந்துவிடும்.

அந்தப் புகழ்பெற்ற கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும்?

கிண்ணத்தில் சூப்பும் நூடுல்ஸும் கறியும் விழுந்த பிறகு, சமைப்பவர் உங்களைப் பார்த்து "நின்னிகு இரேமாஸ் கா?" என்பார். பூண்டு போடவா என்று அர்த்தம். அவர் கேட்பது பூண்டை மட்டுமல்ல. காசில்லாமல் கிடைக்கிற நான்கு விஷயங்களையும் அந்த ஒரே மூச்சில் நீங்கள் சொல்லிவிட வேண்டும். யசாய் என்றால் காய். நின்னிகு என்றால் பூண்டு, பச்சையாகக் கொத்தியது. அபுரா என்றால் கொழுப்பு. கராமே என்றால் இன்னும் கொஞ்சம் சோயா சாஸ் விட்டு உப்பைக் கூட்டுவது.

எது கூடுதலாக வேண்டுமோ அதன் பெயரை மட்டும் அடுக்கினால் போதும். "நின்னிகு, அபுரா" என்றால் பூண்டு போட்டு, கொழுப்பைக் கொஞ்சம் கூட்டி வைப்பார். காயும் கொழுப்பும் எப்படியும் ஓரளவு வரும். பூண்டு மட்டும் கேட்டால்தான் வரும். ஒன்றுமே வேண்டாம் என்றால் "சோனோ மாமா", அதாவது அப்படியே கொடுங்கள். பூண்டு கொஞ்சம் என்றால் "நின்னிகு சுகோஷி". "கொஞ்சம்" என்பதே கொஞ்சமாக இருக்காது, ஜாக்கிரதை.

கேள்வி வருவதற்கு முன்னால் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். உட்கார்ந்ததுமே ஒப்பிக்கிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். சமைப்பவர் அந்த நேரத்தில் அரிகரண்டியால் நூடுல்ஸை அள்ளித் தண்ணீரை உதறிக்கொண்டிருப்பார், ஆறு பேரின் விருப்பத்தையும் அவரால் நினைவில் வைத்திருக்க முடியாது. உங்கள் கிண்ணம் அவர் கையில் இருக்கும்போதுதான் உங்கள் முறை. கண்ணைப் பார்த்துக் கேட்பார், அப்போது சொன்னால் போதும்.

"மாஷிமாஷி" என்று சொல்லலாமா?

மாஷி என்றால் கூடுதல், மாஷிமாஷி என்றால் கூடுதலுக்கும் கூடுதல். படங்களில் பார்க்கிற கோபுரங்கள் எல்லாம் "யசாய் மாஷிமாஷி" கேட்டு வாங்கியவை. சில கடைகளில் இந்தச் சொல்லையே ஏற்பதில்லை, சுவரில் எழுதி ஒட்டியிருப்பார்கள். முதல் தடவை இதைக் கேட்காதீர்கள் என்பேன். காய் லேசுதானே என்று தோன்றும். ஆனால் அது நூடுல்ஸுக்கும் உங்களுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். மேலே இருக்கிற முளைப்பயற்றைத் தின்று முடிப்பதற்குள் அடியில் நூடுல்ஸ் ஊதிப் பெருத்துவிடும்.

எங்கிருந்து சாப்பிட ஆரம்பிப்பது?

வழக்கமாக வருகிறவரின் கையைக் கவனியுங்கள். கிண்ணம் வந்ததும் மேலே இருக்கிற காயில் இரண்டு வாய் எடுப்பார், கொஞ்சம் இடம் கிடைக்கும். கறித் துண்டை மெல்லச் சூப்புக்குள் அமுக்கி ஓரமாக விடுவார். பிறகு சாப்ஸ்டிக்கை அடிவரைக்கும் செருகி, நூடுல்ஸை ஒரு பிடி மேலே தூக்கிக் காயின் மீது மடித்துப் போடுவார். இப்படி நாலு தடவை. இப்போது நூடுல்ஸ் மேலே, காய் அடியில். இதைத் தென்சிகாயேஷி, அதாவது மேல்கீழாகப் புரட்டுவது என்பார்கள்.

இதில் லாபம் இரண்டு. நூடுல்ஸ் சூப்பை விட்டு வெளியே வந்துவிட்டதால் மேற்கொண்டு ஊறாது. சப்பென்றிருந்த முளைப்பயறு சூப்பில் நனைந்து, கடைசியில் சாப்பிடும்போது உப்பு, கொழுப்பு, பூண்டு எல்லாம் ஏறி வேறு ஒரு பண்டமாக இருக்கும். சூடு ஆறுவதற்கு முன் நூடுல்ஸை முடித்துவிடுங்கள். காய் காத்திருக்கும்.

சில கடைகளில் பச்சை முட்டை தனியாக வாங்கலாம். சின்னக் கிண்ணத்தில் உடைத்து அடித்து வைத்துக்கொண்டு, நூடுல்ஸை அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். உப்பின் கடுமை அடங்கி வழுக்கிக்கொண்டு இறங்கும். பச்சை முட்டை என்றால் நம்மில் பலர் முகம் சுளிப்பார்கள். ஜப்பானில் பச்சையாகச் சாப்பிடுவதை மனதில் வைத்தே முட்டைக்குத் தேதி போடுகிறார்கள், தைரியமாகச் சாப்பிடலாம்.

சூப்பைக் குடித்துத் தீர்க்க வேண்டுமா?

வேண்டாம். மற்ற ராமென் கடைகளில் கடைசிச் சொட்டு வரை குடித்தால் சமைத்தவருக்கு மகிழ்ச்சி என்பார்கள். இங்கே அந்த எதிர்பார்ப்பே இல்லை.

மிச்சம் வைத்தால் என்ன ஆகும்? பார்சல் உண்டா?

மிச்சம் வைத்தால் எதுவும் ஆகாது. "மன்னிக்கவும், வயிறு நிறைந்துவிட்டது" என்று தலையைக் குனிந்துவிட்டுக் கிளம்பலாம். ஆனால் பெரியதை வாங்கி, மாஷிமாஷி போட்டு, பத்துப் படம் எடுத்துவிட்டுப் பாதிக்கு மேல் வைத்துவிட்டுப் போகிறவர்களைக் கடைக்காரர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. ஜிரோவில் மரியாதை என்று ஒன்று இருந்தால் அது தன் வயிற்றளவைத் தெரிந்து வாங்குவதுதான். வாயைக் கட்டுவதெல்லாம் டிக்கெட் மெஷின் முன்னால் நிற்கும்போதே நடக்க வேண்டிய காரியம்.

சாப்பிட்ட மிச்சத்தைக் கட்டிக் கொடுக்க மாட்டார்கள். சில கிளைகளில் வேறொரு வழக்கம் உண்டு: வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுபோனால் அதில் போட்டுக் கொடுப்பார்கள். நாபே ஜிரோ என்று பெயர். எல்லாக் கடையிலும் எல்லா நேரத்திலும் செய்வதில்லை, முதல் முறை போகிறவர் தூக்குச்சட்டியோடு போய் நிற்க வேண்டாம்.

இரண்டு பேர் ஒரு கிண்ணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாமா? குழந்தைகளோடு போகலாமா?

ஆளுக்கொரு கிண்ணம் என்பது பல கடைகளில் விதி. இருக்கைகளோ ஒரு டஜன் சொச்சம்தான், அதனால் நியாயமான விதியும்கூட. கவுண்டரில் உயரமான ஸ்டூல், காலடியில் கொழுப்புப் பிசுக்கில் வழுக்குகிற தரை, தலைக்கு மேல் சூடான கிண்ணங்கள் கைமாறுகின்றன. கைக்குழந்தை, தள்ளுவண்டி சரிப்படாது.

பெண்கள் போகிறார்களா?

தாராளமாக. முன்பு முழுக்க ஆண்கள் கூட்டமாக இருந்தது, இப்போது அப்படி இல்லை. தனியாக வந்து, வேர்க்காமல் விறுவிறுக்காமல் பெரியதை முடித்துவிட்டுப் போகும் பெண்கள் உண்டு.

சைவம், ஹலால் பார்க்கிறவர்களுக்கு ஏதாவது உண்டா?

இல்லை, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சூப் பன்றி எலும்பு, கொழுப்பு பன்றியுடையது, கறியை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்றாலும் மிஞ்சுவது பன்றிதான். "நான் நூடுல்ஸும் காயும் மட்டும் சாப்பிடுகிறேன்" என்கிற சமாதானம் இங்கே செல்லாது. மாட்டிறைச்சியைத் தவிர்க்கிறவர்களுக்குத் தடையில்லை, வழக்கமான கிண்ணத்தில் அது கிடையாது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு டோக்கியோ ரயில் நிலையத்துக்குள் டீஸ் தன்தன் என்ற கடை இருக்கிறது. எள் விழுதில் செய்கிற அந்த ராமெனில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை. ஹலால் சான்றோடு கோழி சூப்பில் ராமென் தரும் கடைகளும் நகரத்தில் உண்டு. டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் தங்கியிருக்கிற நம்மவர்களுக்கு அக்கம்பக்கத்திலேயே தோசை கிடைக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். கூட வந்த நண்பர் ஜிரோவுக்குப் போகும்போது வாசலில் காத்திருப்பதை விட அது உத்தமம்.

உடம்புக்கு ஆகுமா?

ஆகாது. அடிக்கடி சாப்பிடுகிற பண்டமில்லை. பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சாதாரண ராமென் ஒரு கிண்ணம் சூப்போடு சேர்த்தே அந்த அளவைத் தொட்டுவிடும். சூப்பை விட்டுவிடச் சொன்னதில் இதுவும் ஒரு காரணம். ரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் "கராமே" என்ற சொல்லை அகராதியிலிருந்தே எடுத்துவிடலாம்.

வரிசையில் நிற்கிறவர்கள் கையில் கறுப்பு நிறத்து டீ பாட்டில் இருப்பதைப் பார்ப்பீர்கள். சன்டோரி நிறுவனம் 2006இல் கொண்டுவந்த ஊலாங் டீ அது. கொழுப்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். இவ்வளவு கொழுப்பைச் சாப்பிட்டுவிட்டு அந்த டீயைக் குடிப்பது ஏறக்குறைய ஒரு பிராயச்சித்தம். வாய்க் கொழகொழப்பை நன்றாகக் கழுவிவிடும், அதற்காகவே நானும் வாங்குவேன்.

படம் எடுக்கலாமா?

உங்கள் கிண்ணத்தை ஒரு படம் எடுத்தால் பல கடைகளில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கூடாது என்று ஒட்டியிருக்கிற கடைகளும் உண்டு. சமைப்பவரையும் பக்கத்து இருக்கைக்காரரையும் எடுக்காதீர்கள்.

ஜிரோ மாதிரியே இருக்கிற மற்ற கடைகள் எப்படி?

ஜிரோவில் தொழில் கற்காமல், அதன் பாணியில் கடை போட்டவர்களை "இன்ஸ்பயர்" வகை என்கிறார்கள். ஜப்பானில் இப்போது எந்தப் பெரிய ரயில் நிலையத்தை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒன்று இருக்கும். புட்டாயாமா என்ற கடைக்கு நிறையக் கிளைகள். வாசலிலேயே விளக்கப் பலகை, அளவு சொல்லும் படம், பொறுமையான ஊழியர்கள் என்று புதியவர்களுக்கு வசதியாக இருக்கும். கூச்சப்படுகிறவர்கள் முதலில் அங்கே பழகிக்கொண்டு பிறகு மித்தா போகலாம். வீட்டிலேயே ஒத்திகை பார்க்க வேண்டுமென்றால் செவன் இலெவனில், மத்சுதோ நகரத்து தோமிதா என்ற ராமென் கடையின் மேற்பார்வையில் வருகிற பன்றிக்கறி ராமென் குளிர்பெட்டியில் இருக்கும். மைக்ரோவேவில் வைத்தால் ஆயிற்று. பூண்டு உட்பட நியாயமாகவே இருக்கிறது.

ஆறு கொள்கைகள் என்கிறார்களே, அவை என்ன?

ஜிரோவின் நெறிமொழிகள். முதலாவது தூய்மையாக, நேர்மையாக, அழகாக வாழச் சொல்கிறது. அதே மூச்சில் நடைப்பயிற்சி, வாசிப்பு, சிரித்த முகத்தோடு சேமிப்பு, வார இறுதியில் மீன்பிடிப்பு, கோல்ஃப், பௌத்த சூத்திரங்களை நகலெடுப்பது என்று அடுக்குகிறது. பிறகு உலகுக்காக, மக்களுக்காக, சமுதாயத்துக்காக என்று ஒன்று. அன்பும் அமைதியும் ஒற்றுமையும் என்று ஒன்று. "மன்னித்துவிடுங்கள்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லும் துணிவு என்று ஒன்று. ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்தது: ருசி குலைந்தால் மனம் குலைந்ததாக அர்த்தம், மனம் குலைந்தால் வீடு குலையும், வீடு குலைந்தால் சமுதாயம், பிறகு நாடு, கடைசியில் பிரபஞ்சமே குலையும் என்று போகிறது. ஆறாவது, "பூண்டு போடவா?"

விளையாட்டா நிஜமா என்று கேட்காதீர்கள். இரண்டும்தான்.

மனதைத் தொட்டுச் சொல்லுங்கள், ருசியாக இருக்குமா?

முதல் தடவை பலருக்குப் பிடிப்பதில்லை. உப்பு தூக்கல், கொழுப்பு திகட்டல், பூண்டு காரம். மென்மையான மீன் சூப்பில் வருகிற ராமெனைத் தேடி வந்தவருக்கு இது ஒரு அடி வாங்கின மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் சோயா சாஸில் ஊறிய கறியும், மெல்ல மெல்லக் கோதுமை வாசனை விடுகிற நூடுல்ஸும், அதன் மேல் கரைந்தும் கரையாமலும் இருக்கிற கொழுப்பும் சேர்ந்து ஒரு வாய் வரும் பாருங்கள், அந்த வாய்க்காகத்தான் மழையிலும் வரிசை நிற்கிறது. "இது ராமென் இல்லை, ஜிரோ என்று தனியாக ஒரு உணவு" என்று ரசிகர்கள் சொல்வது வெறும் பீற்றல் இல்லை. மற்ற ராமெனோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சாப்பிட்ட அன்று "இனி ஜென்மத்துக்கும் வேண்டாம்" என்பார்கள், பத்து நாள் கழித்து நாக்கு கேட்கும். கேட்காமலும் போகலாம், அதில் குறை ஒன்றுமில்லை.

சாப்பிட்டு முடித்ததும் எழுந்து வந்துவிடலாமா?

கிண்ணத்தையும் தண்ணீர் டம்ளரையும் எதிரே இருக்கிற உயரமான மேடையில் தூக்கி வையுங்கள். மடித்து வைத்திருக்கும் துணியால் உங்கள் முன்னால் இருக்கிற இடத்தை ஒரு இழுப்பு துடைத்துவிடுங்கள். "கோச்சிசோசாமா", அதாவது சாப்பாட்டுக்கு நன்றி என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். அடுத்தவர் உடனே உட்கார வேண்டும் என்பதால் வந்த வழக்கம், சடங்கு ஒன்றுமில்லை.

பூண்டு வாசனையோடு ரயிலில் ஏறலாமா?

சட்டப்படி தடையில்லை. பல் தேய்த்தால் போகும் என்று நம்பாதீர்கள். பூண்டிலிருந்து வருகிற ஒரு கந்தகப் பொருள் ரத்தத்தில் கலந்து மூச்சு வழியாக மறுநாள் வரைக்கும் வெளியே வந்துகொண்டிருக்கும். பாலும் ஆப்பிளும் கொஞ்சம் தணிக்கும். மறுநாள் காலையில் அலுவலகத்தில் முக்கியமான கூட்டம் இருந்தால், அந்தக் கேள்வி வரும்போது "சோனோ மாமா" என்று சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை இரவு என்றால் தாராளமாகப் போடச் சொல்லலாம். மித்தா தாய்க்கடைக்கு ஞாயிறு விடுமுறை.